அவளே தைத்த மூட்டை

எங்கள் குரே ஊர்ப் பக்கத்தில் வாழ வந்த பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். எந்த ஊரிலிருந்து வந்தாளோ அந்த ஊர்தான் அவளுக்குப் பெயர். மருந்துக்கடை சா கில்மோவின் மனைவி ஹாடோங்கிலிருந்து வந்தவள், அதனால் ஹாடோங்காரி. மாமியார் இருந்தவரை அப்படிக் கூப்பிட்டாள், ஊற்றடியில் பெண்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். புருஷன் அதுகூடக் கூப்பிட மாட்டான். தொண்டையைச் செருமுவான், அவள் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் அவளைப் பற்றி ஒரே பேச்சுதான். நல்ல பொம்பளை, வாயில்லாப் பூச்சி, வைத்த இடத்தில் இருப்பாள். குளிர் தொடங்கும்போது மலைச்சரிவு முழுக்க மருந்துப் பழம் சிவப்பாகத் தொங்கும். கொட்டையை நீக்கிக் காயவைத்தால் நல்ல விலை. அதற்குக் கத்தி ஆகாது, பல்லால் கடித்துத்தான் பிதுக்க வேண்டும். வந்த வருஷத்திலிருந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கடித்துக் கடித்து ஹாடோங்காரிக்கு முன்பல் தேய்ந்து போயிற்று. சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். "என் வீட்டுக்காரிக்குச் சிரிக்கவே தெரியாது" என்று கில்மோ கடையில் சொல்லிக்கொண்டிருப்பான்.

கில்மோ கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அடிக்க மாட்டான், குடித்துவிட்டு விழுந்து கிடக்க மாட்டான். ஆனால் தன்னைப் பற்றித் தானே ஒரு கதை கட்டி, அதைத் தானே நம்பி வாழ்ந்தவன். தீராத சோகம் ஒன்றை நெஞ்சில் சுமப்பவன் தான் என்பது அந்தக் கதை. இம் என்ற பள்ளி வாத்தியார் வீட்டுக்கு சுஞ்சோன் ஊரிலிருந்து மருமகளாக வந்தவளை இளவயதில் ஒரே ஒரு முறை பார்த்தானாம். மனசு அங்கேயே நின்றுவிட்டதாம். மானத்துக்குப் பயந்து அடக்கிக்கொண்டானாம். எங்கே, எப்படிப் பார்த்தான் என்று மட்டும் சொல்ல மாட்டான். இதையெல்லாம் சுமை தூக்கும் தோக்சேயிடம் சொல்லிப் பெருமூச்சு விடுவான். காகிதக் கதவுக்குப் பின்னால் ஹாடோங்காரி மருந்து இடித்துக்கொண்டிருப்பாள். அவன் சொல்வது ஒவ்வொன்றும் அவள் காதில் விழும். ஒரு மனுஷனுக்கு ஒரு கனவு இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கு அடுப்பு எரிகிறதா, மகள் நல்ல இடத்தில் வாழ்கிறாளா, அது போதும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். இரவில் கோயிலில் இருக்கும் கருணைத் தாயை நினைத்துக் கும்பிடும்போது மட்டும் அந்தத் தேறுதல் நிற்காது.

வாத்தியார் இறந்தார். மூன்று வருஷத் துக்கம் முடிந்த அந்த அறுவடைத் திருநாளில் சுஞ்சோன்காரி வீடு வீடாக அரிசிப் பலகாரம் அனுப்பினாள். கில்மோ தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"நம்ம வீட்டுக்கு எதுக்கு அனுப்பியிருக்காங்க?"

"எல்லா வீட்டுக்கும் வந்துச்சுங்க. கொல்லன் வீட்டுக்கு ரெண்டு கூடவே வந்திருக்காம்."

"மேல பைன் இலை வச்சிருக்கு பாரு. பைன் எந்தக் குளிர்லயும் பச்சை மாறாது. சும்மாவா வைப்பாங்க?"

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க வைக்கிறதுங்க. நானும் வச்சுத்தான் வேக வைக்கிறேன்."

அவன் அவளை இரக்கத்தோடு பார்த்தான். இவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்ற பார்வை.

எங்கள் நாட்டில் அந்தக் காலத்தில் நல்ல குடும்பத்து விதவைக்கு மறுமணம் கிடையாது. நேர்வழி அடைபட்டிருந்ததால் கள்ளவழி ஒன்று இருந்தது. இருட்டில் ஆள் போய் விதவையை மூட்டையாகக் கட்டித் தூக்கி வந்துவிட்டால், அதோடு அவள் கொண்டுவந்தவனுக்கு மனைவி. யாரும் கேட்க மாட்டார்கள். பல வீடுகளில் மாமனாரே பின்வாசலைத் தாழிடாமல் விட்டுவிட்டுத் தூங்குவது போலப் படுத்திருப்பார். மாற்றுத்துணியை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்த விதவைகளும் உண்டு. அது ஒரு கருணைதான். ஆனால் சம்மதம் கேளாமல் தூக்கினால் அது பெரிய பாவம். எத்தனையோ பெண்கள் மூட்டைக்குள்ளேயே உயிரை விட்டிருக்கிறார்கள்.

குளிர்கால நீளிரவுத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கில்மோ முரட்டுச் சணல்துணி ஒரு சுருளும் பஞ்சும் கொண்டுவந்து அவள் முன் போட்டான்.

"பெருசா ஒரு மூட்டை தச்சுக் கொடு. மருந்து வேர் போட்டு வைக்க."

"எவ்வளவு பெருசுங்க?"

அவன் யோசித்துவிட்டுக் கையைத் தன் தோள் வரை உயர்த்திக் காட்டினான். "இவ்வளவு. உள்ள பஞ்சு வச்சுத் தை."

"வேருக்கு எதுக்குங்க பஞ்சு?"

"குளிர்ல வேர் உறைஞ்சு போயிடும்."

"சரிங்க. மூச்சு விட ஓட்டை வைக்கவா?"

கில்மோ ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தான். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "வை," என்றான். "வேரும் மூச்சு விடணும்ல." எழுந்து போய்விட்டான்.

அவள் தைத்தாள். தைக்கும்போது ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. நேராகக் கேட்டுவிடலாம் என்று வாய் வரை வரும். ஆனால் எங்கள் வழக்கத்தில் மனைவியைத் தள்ளிவைக்கச் சொல்லப்பட்ட ஏழு குற்றங்களில் பொறாமையும் ஒன்று. மகன் பெறாததும் ஒன்று. இரண்டாவதை அவன் ஏற்கெனவே கையில் வைத்திருந்தான். வாயைத் திறந்தால் முதலாவதையும் அவளே எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடும். மலையடிவாரத்தில் வேர் காயவைக்கும் குடிசையில் புதுக் காகிதம் ஒட்டி, தரைக்குக் கீழே நெருப்புப் போகும் வழியைச் சரிசெய்து வைத்திருக்கிறான் என்றும் தோக்சேயின் மனைவி சொல்லிவிட்டாள். வேருக்காகத்தானாம். நீளிரவுத் திருநாள் ராத்திரி தோக்சேக்கு ஒரு சுமை தூக்கும் வேலையும் சொல்லியிருக்கிறானாம்.

திருநாளுக்கு முந்தின நாள் அந்தி சாயும் நேரத்தில் ஹாடோங்காரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சிவப்புப் பயறுக் கஞ்சி ஒரு சட்டியோடு வாத்தியார் வீட்டுக்குப் போனாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாருக்கு சுஞ்சோன்காரி கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஹாடோங்காரி அவளைச் சமையற்கட்டுக்குள் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அடுப்பு வெளிச்சத்தில் சுஞ்சோன்காரியின் முகம் வெளுத்தது.

"மருந்துக்கடைக்காரரா? அவர்கிட்ட நான் பேசினதுகூட இல்லையே அக்கா. வேலைக்காரப் பொண்ணைத்தானே கடைக்கு அனுப்புவேன்."

"எனக்குத் தெரியும் தங்கச்சி."

"பலகாரம்கூட எல்லார் வீட்டுக்கும்தான்..."

"அதுவும் தெரியும். நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போயிடு."

"அத்தையை விட்டுட்டா? ஏன் வந்தேன்னு அண்ணன் கேட்டா என்ன சொல்றது? ஒருத்தன் என்மேல கண்ணு வச்சான்கிற பேச்சு கிளம்பினாலே போதும், இவங்க வம்சத்துல என்னை உயிரோட விட மாட்டாங்க. நான் கூப்பிட்டுத்தான் வந்தான்னு சொல்வாங்க." அவள் மார்புக்கச்சையிலிருந்து விரல் நீளக் கத்தி ஒன்றை எடுத்தாள். "ஆள் வரட்டும். இது இருக்கு. அவங்க தூக்கிட்டுப் போறது என் உடம்பை மட்டும்தான்."

ஹாடோங்காரி அந்தக் கத்தியைப் பார்த்தாள். உள்ளே கிழவி இருமும் சத்தம் கேட்டது. பிறகு கையை நீட்டினாள்.

"அதை என்கிட்ட கொடு. உன் முக்காட்டையும் கொடு. நாளைக்கு நீ அத்தை பக்கத்துலயே படுத்துக்கோ, கதவைத் தாழ் போட்டுக்கோ. உன் அறையில நான் உட்கார்ந்திருக்கேன்."

"அக்கா, உங்களுக்கு என்ன ஆகும்?"

"தெரியல," என்றாள் ஹாடோங்காரி. அது உண்மைதான்.

மறுநாள் கில்மோ குளித்து, புது வெள்ளை அங்கி போட்டு, தொப்பியின் கயிற்றை மூன்று முறை கட்டி அவிழ்த்துக் கட்டினான். மகன் வேண்டிக் கோயிலுக்குப் போகிறேன், வர விடியும் என்றான். கருணைத் தாயின் பெயரில் சொன்ன அந்தப் பொய்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

"நீ சீக்கிரம் படுத்துக்கோ," என்றான் வாசலில் நின்று. குரலில் ஒரு பரிவு இருந்தது. "உனக்கு ஒரு குறையும் வராது. நான் பார்த்துக்குவேன்."

"சரிங்க," என்றாள்.

இருட்டியதும் அவள் சுஞ்சோன்காரியின் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. காத்திருந்து காத்திருந்து கால் மரத்துப்போன நேரத்தில் கதவு திறந்தது. குளிர்காற்றோடு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். தலைக்கு மேலே துணி விழுந்தது. அவள் கத்தவில்லை. பஞ்சு முகத்தில் அழுந்தியது. தான் வைத்த ஓட்டை எந்தப் பக்கம் என்று தேடி மூக்கைத் திருப்பிக்கொண்டாள்.

ஆற்றோரப் பாதையில் தோக்சே மூச்சு வாங்கினான்.

"விரதம் இருக்கிற விதவைன்னாங்க. நல்லாக் கஞ்சி குடிச்ச உடம்பா இருக்கே."

"துக்கமே ஒரு சுமைதானப்பா," என்றான் மற்றவன்.

"ஆனா ஒண்ணு, சத்தமே இல்ல. போன தடவை தூக்கினது என் காதைக் கடிச்சிடுச்சு."

"இது சம்மதிச்ச ஆளு. முதலாளி சொன்னார்ல, பலகாரத்துலயே சொல்லியனுப்பிட்டாங்களாம்."

"பலகாரம் எங்க வீட்டுக்கும்தான் வந்துச்சு. எனக்கும் சேதி சொல்லியனுப்பியிருக்காங்கன்னு தோணவே இல்லையே."

மூட்டைக்குள் ஹாடோங்காரிக்குச் சிரிப்பு வந்தது. கை கட்டுப்பட்டிருந்ததால் வாயை மூட முடியவில்லை. உடனே அழுகையும் வந்துவிட்டது.

குடிசையில் அவளைச் சூடான தரையில் மெதுவாக இறக்கினார்கள். காலடிகள் வெளியே போயின. கில்மோ மூட்டையை உடனே அவிழ்க்கவில்லை. பயந்த பெண்ணிடம் முதலில் பேச வேண்டும், பிறகுதான் அவிழ்க்க வேண்டும் என்பது வழக்கம். எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தான் போலிருக்கிறது. துணி உரசும் சத்தம் கேட்டது.

"பயப்படாதீங்க," என்றான்.

இருபது வருஷத்துக்கு மேல் அவனோடு வாழ்ந்தவள் அவள். அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. அவ்வளவு மென்மை. அவனிடம் இப்படி ஒரு குரல் இருக்கிறது, இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

"உங்களுக்கு இங்க ஒரு குறையும் இருக்காது. என் வீட்டுல இருக்கிறவ நல்லவதான். ஊறுகாய் ஜாடி மாதிரி. எங்க வச்சாலும் இருப்பா. பின்கட்டுல ஒதுக்கிட்டா அவளுக்கு வருத்தம்கூட வராது. வருத்தப்படத் தெரியாதவ. நீங்க அவளை நினைச்சுக் கவலைப்பட வேணாம்."

அவன் தொடர்ந்தான்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கோ என்னவோ. நீங்க புதுசா வந்த வசந்தம். ஆத்தங்கரையில நான் வந்துட்டிருந்தேன். காத்துல என் தொப்பி தண்ணியில விழுந்துடுச்சு. துவைக்கிற கல்லுல நீங்க தனியா இருந்தீங்க. பாவாடையைச் சுருட்டிக்கிட்டு இறங்கிட்டீங்க. முழங்கால் தண்ணி, பனி உருகின தண்ணி. தொப்பியை எடுத்தா உள்ள ஒரு சின்ன மீன். அதைப் பார்த்து வாய் விட்டுச் சிரிச்சீங்க. தொப்பியைக் கரையில வச்சுட்டு ஓடிட்டீங்க. யாருன்னு கேட்டேன், வாத்தியார் வீட்டுப் புதுப்பொண்ணா இருக்கும்னு படகுக்காரன் சொன்னான். அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் அப்புறம் எங்கயுமே பார்க்கல."

இருட்டுக்குள் ஹாடோங்காரியின் மூச்சு நின்றுவிட்டது.

அந்த ஆற்றில் இறங்கியது அவள்தான். அவன் வீட்டுக்கு வாழ வந்து அப்போது சில நாள்தான் ஆகியிருந்தது. கல்யாணம் நடந்தது ஹாடோங்கில். முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, கன்னத்தில் சிவப்புப் பொட்டு, சடங்கு முடியும்வரை கண் திறக்கக் கூடாது. அப்புறம் விளக்கணைத்த இரவுகள். வழக்கப்படி ஒரு வருஷம் தாய் வீட்டில் இருந்துவிட்டு இங்கே வந்தாள். அவன் வெளிக்கட்டில், அவள் உள்கட்டில். பகல் வெளிச்சத்தில், பூச்சில்லாத அவள் முகத்தை அவன் பார்த்தது அன்றைக்கு ஆற்றில்தான். அவளுக்கு அவனைத் தெரிந்தது. அவனுக்கு அவளைத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சோறு வைக்கும்போது அவன் அதைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். வெட்டவெளியில் பல் தெரியச் சிரித்த மனைவியை அவனுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்தாள். அன்றிலிருந்துதான் வாயைக் கையால் மூடப் பழகினாள். பல் தேய்ந்ததெல்லாம் அதற்கு எவ்வளவோ பின்னால்.

அவள் கையைத் திருகித் தளர்த்தி, கச்சையிலிருந்த கத்தியை எடுத்தாள். தையல் எங்கே ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். உள்ளேயிருந்து குத்தி இழுத்தாள்.

துணியைக் கிழித்துக்கொண்டு கத்தி முனை வெளியே வந்ததும் கில்மோ பதறிப் பின்வாங்கினான். "ஐயோ, வேணாம். உங்களைத் தொட மாட்டேன். கத்தியைக் கீழ போட்டுடுங்க."

பஞ்சு ஒட்டிய தலையோடு அவள் வெளியே வந்தாள். அவன் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"நீயா? அவங்க எங்க?"

"அவங்க மாமியார் பக்கத்துல படுத்திருக்காங்க."

அவன் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. "பொறாமை. இதுக்கு உன்னைத் தள்ளி வைக்கலாம், தெரியுமா?"

"வைங்க. உறவுக்காரங்களைக் கூட்டி என்ன சொல்வீங்க? ராத்திரி பொண்டாட்டி வீட்டுல இல்லைன்னா? எங்க இருந்தாள்னு கேப்பாங்களே. நான் தூக்கிட்டு வரச் சொன்ன மூட்டைக்குள்ளன்னு சொல்வீங்களா?"

அவள் கத்தியை அவனுக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

"இது உங்களைக் குத்த இல்ல. அவங்க தன்னையே குத்திக்க வச்சிருந்தாங்க. நான் அங்க போகலைன்னா இந்த மூட்டையில இந்நேரம் ஒரு பிணத்தை வச்சுக்கிட்டுத்தான் நீங்க பேசிட்டிருப்பீங்க."

"இல்ல. அவங்களுக்கு என்மேல... பலகாரத்துல..."

"உங்க பேருகூட அவங்களுக்குத் தெரியாதுங்க."

விளக்குத் திரி படபடத்தது. அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தாள். ஆனால் இத்தனை வருஷம் அடக்கி வைத்தது அவளைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"தொப்பியில ரெண்டு மீன் இருந்துச்சு. நீங்க பார்க்கிறதுக்கு முன்னாடியே ஒண்ணு குதிச்சுப் போயிடுச்சு."

கில்மோவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவன் முகத்தில் வெளிச்சம் பரவியது. அதைப் பார்த்ததுமே ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது அவளுக்கு. எல்லாமே நல்லபடியாக முடிந்துவிட்ட மனுஷனின் முகம் அது.

"நீயா அது? அப்போ இத்தனை வருஷமும் நான் உன்னைத்தான் நினைச்சிட்டிருந்திருக்கேன்." கண்ணில் நீர் வழிய அவள் கையைப் பிடித்தான். "உள்மனசுக்குத் தெரிஞ்சிருக்கு, பாரு. விதியே உன்னை என்கிட்ட தூக்கிட்டு வந்திருக்கு. வா, வீட்டுக்குப் போகலாம்."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். அவனுடைய இந்தப் புதுக் கதையில் சுஞ்சோன்காரி இல்லை, கத்தி இல்லை, பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்ன மூட்டைகூட இல்லை.

"மூட்டையில வந்தவ பழைய வீட்டுக்குத் திரும்பக் கூடாதுங்க. அதுதானே வழக்கம்? நீங்க போங்க. நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"விளையாடாத."

"எனக்கு வருத்தப்படத் தெரியாதுன்னு சொன்னீங்க. தெரியுமா தெரியாதான்னு நானே கொஞ்சம் இருந்து பார்க்கிறேன்."

விடியும்வரை அவன் வாசலில் பனியில் நின்றான். அப்புறம் உள்ளே வந்து தரையில் கிடந்த கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அவள் அந்தக் குடிசையிலேயே தங்கினாள். வேர் காயப்போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் ஆள் வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டான் கில்மோ. தோக்சே மட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு விறகு போட்டுவிட்டுப் போனான். சுஞ்சோன்காரி வேலைக்காரப் பெண் மூலம் சோறும் உப்பு மீனும் அனுப்பினாள். தானே வர முடியாது. இரவில் காற்று காகிதக் கதவை அடிக்கும். அப்போது ஹாடோங்காரி கருணைத் தாயைக் கும்பிடுவாள். என்ன வேண்டுவது என்று தெரியாமல் வெறுமனே கும்பிடுவாள். திரும்பிப் போகப் பிடிக்கவில்லை. வேறே போக இடமும் இல்லை. அவன் தன்னை ஒரு முறையாவது உள்ளபடி பார்க்க வேண்டும் என்ற ஆசை இன்னும் விட்டபாடில்லை. அந்த ஆசையை நினைத்தால்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கில்மோ தினமும் வந்தான். முதலில் கோபத்தோடு, பிறகு பழம், பலகாரத்தோடு, பிறகு கண்ணீரோடு. ஒவ்வொரு முறையும் அதே கதையை இன்னும் அழகாகச் சொன்னான். அவள் கேட்டுவிட்டு வேரைப் புரட்டிப் போடுவாள். அவன் எழுந்து போவான்.

ஒரு நாள் கையில் எதுவும் கொண்டுவரவில்லை. மடியிலிருந்து கத்தியை எடுத்துத் தரையில் வைத்தான்.

"இதைத் திருப்பிக் கொடுத்துடு. என்னால வீட்டுல வச்சுக்க முடியல. அவங்க நிஜமாவே குத்திக்கிட்டிருப்பாங்களா?"

"குத்திக்கிட்டிருப்பாங்க."

"என்னைப் பத்தி அவங்க ஒண்ணுமே நினைச்சதில்லையா?"

"வேலைக்காரப் பொண்ணு சொல்லித் தெரியுமாம். எடை போடும்போது விரலை வச்சு அழுத்துற கடைக்காரர்னு."

அவன் சிரிக்கவில்லை. வழக்கம்போல ஆரம்பித்தான்: "ஆனா என் உள்மனசுக்கு உன்னைத் தெரிஞ்சிருக்கு..."

"இல்லைங்க," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "உங்களுக்குத் தெரியாது. ஆத்துலயும் தெரியாது. அப்புறமும் தெரியாது."

அவன் வாயைத் திறந்தான். என்னவோ ஒன்று நாக்கு நுனி வரை வந்தது அவளுக்குத் தெரிந்தது. அது வெளியே வரவில்லை. அவன் தோள்கள் தொய்ந்தன. ஒரே நாளில் வயதாகிவிட்டவன் போலத் தெரிந்தான்.

"தெரியாது," என்றான்.

வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வேர்களைக் கையால் ஒதுக்கிக் கொஞ்சம் இடம் செய்தாள்.

"அங்க தரையில சூடு இல்ல. இப்படி வந்து உட்காருங்க."

அவன் வந்து உட்கார்ந்தான். அன்றைக்கும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் அவன் கடையைத் திறக்காமலே மலையேறி வந்தான்.